சனிக்கிழமை மீட்டிங்

"அண்ணே, தகவல் கேட்டு மனு வந்திருக்கு. இந்த வருஷம் சனிக்கிழமைகள்ல எத்தனை மீட்டிங் நடந்துச்சாம்?" என்றாள் குமாஸ்தா நுர்சாதா.

நீர்ப்பாசன அதிகாரி எசென்குல் பதறினார். "தலைநகர் பிஷ்கெக்ல எந்தப் பத்திரிகைக்காரன் கேட்டான்? மீட்டிங்னு சொல்லிட்டு நான் குதிரையேறி கோக்போரு விளையாட்டு ஆடப் போறது தெரிஞ்சா, பொண்டாட்டி என் குதிரையை வித்துடுவாளே!"

"பதில் தர்ற பதினாலு நாள் கெடு இன்னியோட முடியுது."

"பொய் எழுதுனா வேலை போயிடும். ஒண்ணும் நடக்கலைன்னு எழுது." கையெழுத்திட்டார்.

நுர்சாதா கவரை அவரிடமே நீட்டினாள். "தபால் செலவு மிச்சம், அண்ணே. வீட்டுக்குத்தானே போறீங்க?"

பெறுநர் இடத்தில் அவர் மனைவி பெர்மெட்டின் பெயர்.

மாலையில் பதிலோடு உண்மையையும் ஒப்படைத்தார்.

"குதிரைதானா! எவளோன்னுல்ல பயந்துட்டேன்!" பெர்மெட் சிரித்தாள். "வர்ற மீட்டிங்குக்கு நானும் வரேன்."