வாஷிங் மெஷினுக்கு இடம்

பார்சல் கம்பெனிக் கூட்டத்தில் புது இன்ஜினியர் பேசப் பேச, கீழ்த்தளக் குமாஸ்தா நாற்காலி நுனிக்கு நகர்ந்துகொண்டே வந்தான்.

ஒரு பார்சலின் விவரம் மேல்தளத்துக்குப் போக இத்தனை எழுத்து எதற்கு என்றார் இன்ஜினியர். எடைக்கு முன்னால் ‘எடை’ என்று ஓர் அடையாளம், பின்னால் இன்னொன்று. எல்லாக் கிளைக்கும் பொதுவாக ஒரு பைனரி வடிவம் வந்தால் வெறும் பூஜ்ஜியமும் ஒன்றும்தான். இப்போதுள்ள எழுத்து வடிவத்தை அடியோடு விட்டுவிடலாம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மேல்தளத்துக்காரி, குமாஸ்தா அனுப்பும் ஃபைல்களை வாங்கிப் பதில் அனுப்புகிறவள், அவன் மனைவி, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. புது வாஷிங் மெஷின் பால்கனியிலா, குளியலறையிலா என்று ஆரம்பித்தது. அது இன்னும் அட்டைப்பெட்டியோடு ஹாலின் நடுவில் நிற்கிறது. டிவியை எட்டி எட்டித்தான் பார்க்க வேண்டும்.

பேச்செல்லாம் ஃபைலில்தான். எழுத்து வடிவத்தில் ஒரு வசதி. கணினி படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்பு வரிகளை நடுவே எழுதிக்கொள்ளலாம்.

‘சாவி செருப்பு ஸ்டாண்டில்.’

‘காய்ச்சல் விட்டதா?’

‘விட்டது. பால்கனியில் சாரல் அடிக்கும் என்பது மட்டும் மண்டையில் ஏறாதா?’

பைனரியில் காய்ச்சலுக்கு இடமில்லை.

மேனேஜரம்மா கை தூக்கச் சொன்னார். பைனரிக்கு இன்ஜினியரின் கை மட்டும் எழுந்தது. கணக்குப் பிரிவு, லாரிப் பிரிவு, டீ கொண்டுவந்தவர் வரை எல்லாரும் எழுத்துக்கே தூக்கினார்கள்.

இன்ஜினியர் காரணம் கேட்டார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“பைனரி வந்துட்டா, அந்த வாஷிங் மெஷினை கடைசியில எங்க வச்சாங்கன்னு நமக்கு எப்படிப்பா தெரியும்?” என்றார் மேனேஜரம்மா.

லாரிப் பிரிவுக்காரர் பால்கனிதான் சரி என்றார். கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. குழாய் எவ்வளவு தூரம் என்று கூட்டம் இரண்டுபட்டது.

குமாஸ்தாவுக்குக் காது சுட்டது. எழுத்து ஜெயித்துவிட்டது. இனி அதில் ஒரு வரி எழுத முடியாது.

சாயங்காலம், வழக்கமாக ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வருகிறவள், நிறுத்தத்தில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஒரு பக்கம் நீங்க தூக்கினா, இன்னொரு பக்கம் நான் புடிச்சுக்கறேன்.”

மறுநாள் காலை கம்பெனி முழுவதும் ஃபைலைத் திறந்தது. எடை, ஊர், விலாசம். எடை, ஊர், விலாசம். கடைசி வரி வரை பார்சல்கள்தான்.

மதியத்துக்குள் மேனேஜரம்மா இன்ஜினியரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த பைனரி விஷயத்தை மறுபடி ஒருமுறை விளக்கச் சொன்னார்.