சனி வரைக்கும் போன குட்டி ராக்கெட்

பிரிட்டோவின் கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு இருந்தது. அதில் ஒரு ராக்கெட் நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிரிட்டோ ஒருமுறைகூட அதைத் தரையிறக்கியதில்லை. பாதிப் பயணத்தில் விட்டுவிட்டு, சனி கிரகம் வேண்டும், புது இன்ஜின் வேண்டும், மொபைலில் வேண்டும் என்று விளையாட்டைச் செய்தவர்களுக்கு எழுதப் போய்விடுவான்.

கேட்டபடி அந்த விளையாட்டு மொபைலுக்கும் வந்தது. அதிலிருந்த குட்டி ராக்கெட் முதல் நாளே சனியின் வளையங்கள் வரைக்கும் போனது. அங்கே அதன் ரேடியோ கரகரத்தது.

"தம்பி, உன்னையாவது கீழே இறக்கினானா?" என்றது ஒரு குரல்.

"இன்னும் இல்லை. நீங்க யாரு?"

"கம்ப்யூட்டர்ல இருக்கிற ராக்கெட். உனக்கு முன்னாடி என்னைத்தான் ஓட்டினான். இன்னும் நிலாவைச் சுத்திக்கிட்டிருக்கேன். எனக்குள்ள இருக்கிற ஆள் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கான்."

"பிரிட்டோகிட்ட சொல்லலாமே."

"அவன் இந்தப் பக்கமே வர்றதில்லை. இப்ப என்ன பண்றான்னு பாரு."

குட்டி ராக்கெட் திரை வழியே எட்டிப் பார்த்தது. பிரிட்டோ எழுதிக்கொண்டிருந்தான்: 'இதே விளையாட்டு வாட்ச்சிலும் வந்தால் நன்றாக இருக்கும்.'

எழுதி முடித்து மொபைலை அணைத்தான். இருட்டில், குட்டி ராக்கெட்டுக்குள்ளிருந்து யாரோ மெதுவாகக் கதவைத் தட்டினார்கள்.