வில்லனின் கடைசிப் பக்கம்

"என்ன சார் பண்றீங்க? புத்தகத்தையா கிழிக்கறீங்க?"

நர்ஸ் போட்ட சத்தத்தில், டயாலிசிஸ் வார்டில் கண்ணயர்ந்திருந்த இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

முதல் கட்டிலில் இருந்த தபால்காரர் திருதிருவென்று முழித்தார். இடது கையில் ஊசி. பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால்களுக்கு நடுவே புத்தகத்தை இடுக்கிக்கொண்டு, கிழித்த தாளை வலது கையால் சட்டைப் பைக்குள் திணித்தார்.

நர்ஸ் கட்டிலருகே ஓடி வந்தாள். நாலு மணி நேரம் விட்டத்தையே பார்த்துப் படுத்திருக்கிறார்களே என்று அவளே வாங்கிவைத்த புத்தகம். உலகத்தை அழிக்கக் கிளம்பும் வில்லன்கள், கிறுக்கு விஞ்ஞானிகள் என்று இருபது சிரிப்புக் கதைகள்.

பிடுங்கிப் புரட்டினாள். "அஞ்சு கதைக்கு முடிவே இல்ல! மத்தவங்க படிக்க வேண்டாமா?"

"தப்புதான் சிஸ்டர்."

காலையிலிருந்து நின்று நின்று அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அடுத்த கட்டில் தையல்காரர் சேர்ந்துகொண்டார். "நல்லாக் கேளுங்க சிஸ்டர்! சூரியனை அணைக்க ஒருத்தன் மெஷின் செஞ்சு, பட்டன்ல விரலையும் வெச்சுட்டான். 'துணி காயப்போட்டிருக்கேன், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க'ன்னு பொண்டாட்டி கத்தறா. சத்தமாப் படிச்சுக்கிட்டே வந்து, சரியா அந்த இடத்துல கிழிச்சுட்டார் மனுஷன்! அமுக்கினானா, இல்லையா?"

"வியாழக்கிழமை சொல்றேன்" என்றார் தபால்காரர்.

"இப்படித்தான் சனிக்கிழமையும் பண்ணார். மூணு நாளா மண்டை காஞ்சுபோச்சு!"

தையல்காரருக்கு நேரம் முடிந்தது. நர்ஸ் ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்திக் கட்டுப் போட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்தார். வாசலில் நின்று திரும்பி, "வியாழக்கிழமை ஏமாத்தக் கூடாது, ஆமா!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் முதல் கட்டிலுக்குத் திரும்பினாள்.

"ஏன் சார், முடியாத மனுஷனை இப்படி அலைக்கழிக்கறீங்க? இதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

தபால்காரர் வாசலைப் பார்த்தார். ஆள் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம் ரெண்டு தடவை வராம இருந்துட்டார். கால் வீங்கி, மூச்சு வாங்க, வீட்டு ஆளுங்க தூக்கிட்டு வந்தாங்களே..."

"ஞாபகம் இருக்கு. டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர..."

"உங்ககிட்ட ஆட்டினார். என்கிட்ட, 'போதும்யா, அலுத்துப்போச்சு, இதுதான் கடைசி, இனிமே வரமாட்டேன்'னார்."

நர்ஸ் தையல்காரரின் காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

"அன்னைக்குத்தான் முதல் தாளைக் கிழிச்சேன், சிஸ்டர். அதுக்கப்புறம் அவர் ஒரு நாள்கூட வராம இருந்ததில்ல."