ஆண் குட்டி

கிளியனூர்ப் பக்கத்துச் சேரியில் காலை வெயில் குடிசைக்குள் சாய்ந்து விழுகிறது. சவுரியம்மாள் மூலையில் மல்லாட்டைச் சாக்கை மடித்து விரிக்கிறாள். கஞ்சி ஊற்ற ஒரு கொட்டாங்குச்சியை நார் போகத் தேய்த்து வைக்கிறாள். திண்டிவனத்து ரயில்வே கேட்காரர் வீட்டு நாய் ஈன்ற ஆண் குட்டியை இன்று கொண்டுவரப் போகிறாள். சேரிக்காரர்கள் ஆண் நாய் வளர்க்கக் கூடாதென்பது ஊர்த்தெருவின் கட்டளை. போன வருஷம் இதே சேரியில் பூமாலை என்பவன் வளர்த்த ஆண் நாயை ஊர்த்தெருக்காரர்கள் அடித்தே கொன்றார்கள். சவுரியம்மாளின் புருஷன் மாசிலாமணி துண்டை முறுக்கிக்கொண்டே நிற்கிறான். "பொட்டக்குட்டி இருந்தா எத்துக்கினு வாயேம்மே." "பொட்டயும் இருக்குது. நான் இதத்தான் கேட்டேன்." "ஊர்த்தெரு மணியக்காரரு கேட்டா இன்னா சொல்லுவ?" "எங்க ஊட்டு நாயின்னு சொல்லுவேன்." அவன் சுவரோரம் கிடந்த மூடிபோட்ட கூடையை எடுத்து நீட்டுகிறான். "இதுல வச்சி மூடிக்கினு, ஏரிக்கரை வழியா வந்துடு." சவுரியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறாள். "மூடி எடுத்தார்றதுக்கு நான் இன்னா திருடிக்கினா வர்றேன்? மாரோட அணைச்சிக்கினு, ஊர்த்தெரு வழியாத்தான் வருவேன். எல்லாரும் பாக்கட்டும்." கூடையை அவன் கையிலேயே விட்டு, வெறுங்கையோடு ரோட்டில் ஏறுகிறாள். அவளுடைய நிழல் முன்னே நீள்கிறது. மாசிலாமணி கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறான். பிறகு கூடையைக் கீழே போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவளை எட்டிப் பிடிக்க வேகமாக நடக்கிறான்.