படித்தவர்: ஒருவர்

"அந்த ஒருத்தன் யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

மப்ரூக் மேசையில் குத்திய குத்தில், தண்ணீர்ச் சங்கத் தலைவர் ஹாஜி லரூசியின் தேநீர்க் குவளை துள்ளியது. வாசலில் கூட்டம். அதில் பாதிப் பேருக்கு வேறு வேலை இருந்தது, போகத்தான் மனமில்லை.

பாலைவன ஊரான நெஃப்தாவில் சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளை மறப்பவர் உண்டு, பேரீச்சந் தோப்புக்குத் தண்ணீர் வரும் நேரத்தை மறப்பவர் கிடையாது. யாருக்கு எப்போது முறை என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தது சங்கத்தின் கிழட்டுக் கணினிதான். அது சாகக் கிடக்கவே, கல்லூரி முடித்த நஜ்லா, காசு வாங்காமல் அந்தக் கணக்கையெல்லாம் கைப்பேசிக்கு மாற்றித் தர முன்வந்தாள். நான்கு மாதமாக வேலை நடக்கிறது.

கணக்கை இடம் மாற்றிய இந்த வாரம் மட்டும் எல்லாருடைய முறையும் அரை நாள் முன்னதாக வந்தது. மடைக்காரர் கையில் புதுப் பட்டியல் இருந்தது. மப்ரூக் கையில் மண்வெட்டிதான் இருந்தது. வழக்கமான தன் முறைக்குச் செவ்வாய் விடியற்காலை அவர் போனபோது வாய்க்கால் காலி. அடுத்த முறைக்குப் பத்து நாள் ஆகும். வெயிலோ நாற்பத்தைந்து டிகிரி.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, மகளே?" என்றார் ஹாஜி.

"சொன்னேனே! வெள்ளிக்கிழமை தவறாம எழுதினேன். பதினாலு அறிவிப்பு. முறை மாறுதுன்னு மட்டும் மூணு தடவை." நஜ்லா கைப்பேசியை மறுபடியும் நீட்டினாள். "பாருங்க, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் இருக்கு. 'படித்தவர்: ஒருவர்.' மத்தவங்க படிக்கலைன்னா நான் என்ன பண்ண?"

"நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தன் மட்டும் படிச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு, என் தண்ணிய அடிச்சுட்டான்!"

மப்ரூக்கின் பார்வை பக்கத்துத் தோப்புக்காரன் திஜானி மேல் நின்றது. திங்கள் மாலை அந்தத் தண்ணீர் முழுக்க அவன் மரங்களுக்குத்தான் பாய்ந்திருந்தது.

"வல்லாஹி, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது! தண்ணி வீணா ஓடுற சத்தம் கேட்டுச்சு, திருப்பி விட்டேன்."

"பொண்டாட்டி கூப்பிட்டா கேக்காத காது, தண்ணி சத்தம் மட்டும் கேக்குமாக்கும்!"

வாசல் சிரித்தது. ஹாஜி சிரிக்கவில்லை.

"சேதி தெரிஞ்சும் மறைச்சவனுக்கு இந்தக் கோடை முழுக்க முறை கிடையாது. சங்கத்து விதி, திஜானி."

"நாப்பது மரமும் செத்துடும், ஹாஜி!" திஜானி மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"இருங்க," என்றாள் நஜ்லா. "யாரையும் காட்டிக் கொடுக்க வேணாம்னு பார்த்தேன். இதைத் தட்டினா பேரே வந்துடும்."

வாசல் கழுத்தை நீட்டியது. நஜ்லா தட்டினாள். கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஹாஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"மகளே, இந்த அறிவிப்பையெல்லாம் நீ எங்கே எழுதினே?"

"புதுச் செயலிக்குள்ளதான், ஹாஜி."

"அது எங்க போனுக்கெல்லாம் எப்ப வரும்?"

"வேலை முடிஞ்சதும்... அடுத்த மாசம்," என்றாள் நஜ்லா, திரையில் இருந்த தன் பெயரையே பார்த்தபடி.