போலீஸ் வரும் வரைக்கும்

"வண்டி இல்லை மேடம். ஒரு டாக்சி அனுப்புங்க, ஏறி வந்துடறோம்."

மூன்றாவது நாளாக அதே பதில். ஸ்டேஷனிலிருந்து அதே போலீஸ் கார்ப்பரல் சோலமோனேயின் குரல்.

"என் வேலியை இடிச்சதே ஒரு கார். அதைப் பார்க்க வர்றதுக்கு உங்களுக்கு நான் இன்னொரு கார் அனுப்பணுமா?"

"இங்க எல்லாரும் அப்படித்தானே மேடம் செய்யறாங்க."

செய்கிறார்கள்தான். நான் மாட்டேன். பட்டென்று போனை வைத்தேன்.

சனிக்கிழமை விடிகாலையில் ஒரு வெள்ளைக் கார் ரோட்டை விட்டு இறங்கி, முன்பக்க வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. முந்தின சாயங்காலம் என் மகள் அனீஷா உட்கார்ந்திருந்த தள்ளுவண்டியை நசுக்கியது. நான் ஜன்னலைத் திறப்பதற்குள் ரிவர்ஸ் எடுத்து, ஓடிவிட்டது.

கணவர் வினேஷ் நியூசிலாந்தில், பழத்தோட்ட வேலையில். வீட்டில் நானும், இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கும் அனீஷாவும் மட்டும்.

வேலியைச் சரிசெய்யவும் வழியில்லை. "போலீஸ் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கம்பியைக்கூடத் தொடாதீங்க" என்று இன்சூரன்ஸ்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று திரும்பினேன். அவ்வளவுதான். அனீஷாவைக் காணோம்.

வேலியில் விழுந்த அந்த ஓட்டை வழியாக ரோடு வரைக்கும் போயிருக்கிறாள். ஓரத்தில் மரவள்ளிக்கிழங்கு விற்கும் மாகெரெத்தா பாய்ந்து பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உன் பொண்ணு பஸ் பிடிச்சு சூவா டவுனுக்குக் கிளம்பிட்டா, தங்கச்சி. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து அனுப்ப மாட்டியா?"

அவள் சிரித்தாள். அனீஷாவை வாங்கி அணைத்துக்கொண்டேன். அழுதுவிட்டேன்.

"போலீஸ் வர மாட்டேங்கறாங்க அக்கா."

"டாக்சி அனுப்பினியா?"

"நான் எதுக்கு அனுப்பணும்?"

"போன மாசம்கூட நான் அனுப்பினேனே."

"எதுக்கு?"

"எதுக்கோ!" கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்ப வந்தாள், தலையில் ஒரு பச்சைக் கதவோடு. பெயின்ட் உரிந்த பழைய பலகைக் கதவு. ஓட்டைக்கு முன்னால் அதை நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"வீட்டுல சும்மா கிடந்தது. போலீஸ் வந்துட்டுப் போனதும் திருப்பிக் குடு."

"வினாக்கா, அக்கா" என்று அவள் பாஷையிலேயே நன்றி சொன்னேன்.

ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அன்று தூங்கினேன். ஆனால் கோபம் மட்டும் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை லிட்டியாவுக்குப் போன் செய்தேன். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவள் கணவர் இப்போது போலீஸில் பெரிய அதிகாரி.

"இதை முதல் நாளே சொல்லக் கூடாதா, அசடு?" என்றாள். "பேசாம இரு. வண்டி வந்து நிக்கும் பார்."

இருபதே நிமிஷத்தில் ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். சோலமோனே என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப மட்டும் வண்டி எங்கேருந்து முளைச்சுது, கார்ப்பரல்?"

"வேற ஒரு இடத்துக்குக் கிளம்பிட்டோம் மேடம். பாதி வழியில, திரும்பி இங்க வரச் சொல்லி மேலிடத்திலிருந்து போன்."

"அங்க அப்புறமாப் போய்க்கலாம். நான் நாலு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன்."

அவர் கயிற்றை அவிழ்த்து, கதவைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, அளவு டேப்பைப் பிரித்தார்.

டயர் தடத்தைக் காட்டினேன். வளைந்த கம்பத்தைக் காட்டினேன். தள்ளுவண்டியை இரண்டு தடவை படம் எடுக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இப்போது அதை எழுதக் கை கூசுகிறது.

கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே அவர் அளந்துகொண்டிருந்தபோது ஒரு டாக்சி கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் ஷமீம் பாய் எங்கள் தெருக்காரர்.

"எல்லாரும் இங்கயா இருக்கீங்க? ஸ்டேஷன்ல ஒத்தை ஆள்! மேஜையை விட்டு எழுந்திரிக்க முடியாதாம். ஜீப் இங்க நிக்குதுன்னு அவர்தான் சொன்னார்."

"உங்களை யார் அனுப்பினது?" என்றார் சோலமோனே.

"மாகெரெத்தா. வர்றேன்னு சொன்ன ஜீப்பைக் காணோம்னு மறுபடி போன் போட்டிருக்கா. வண்டி இல்லைன்னுட்டாங்களாம். ரோட்டுக்கு ஓடி வந்து என்னை மறிச்சு அனுப்பினா. அவ புருஷன் திரும்பவும் குடிச்சுட்டு, கரும்பு வெட்டற கத்தியோட வந்து நிக்கறான். பிள்ளைங்க வீட்டுக்குள்ள இருக்குன்னு அவளும் திரும்பி ஓடிட்டா!"

டேப் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் மூன்று பேரும் ஜீப்பில் தாவினார்கள். வண்டியைத் திருப்பும்போது சோலமோனே என் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார்.

"அங்கதான் மேடம் போய்க்கிட்டிருந்தோம்."

ஜீப் போய்விட்டது. இடுப்பிலிருந்த அனீஷாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. யார் மேலாவது தப்பு இருக்க வேண்டும், என் மேல் இல்லாமல்.

"அவன் குடிச்சுட்டு வர்றது தெரியுமில்ல, பாய்? முன்னாடியே கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கக் கூடாதா?"

ஷமீம் பாய் என்னைப் பார்த்தார். பிறகு, என் வேலியில் சாய்ந்திருந்த பச்சைக் கதவைப் பார்த்தார்.

"எந்தக் கதவை, மகளே?"