நாலு கை மாறிய ஏரிக்கரை வீடு

குளியலறைக்கு வெளியே, நடைச் சுவரில், தோள் உயரத்தில் வரிசையாக ஆணிகள். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். முப்பத்தேழு.

"ரெண்டு ரூம் வீட்டுக்கு எதுக்கு இத்தனை ஆணி?"

தரகர் அவசரமாக ஜன்னலைத் திறந்து ஏரியைக் காட்டினார். "காத்தப் பாருங்கம்மா. ஃபேனே வேண்டாம்."

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதை அவள் மனத்தில் குறித்துக்கொண்டாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு கால்புள்ளி இடம் மாறி அச்சாகிவிட்டால்கூட அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

கணவனுக்கு வீடு பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. "சத்தம், கூட்டம், டென்ஷன் எதுவும் ஆகாது. இன்னொரு தடவை வந்தா என் கையில இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் ஊரைவிட்டுத் தள்ளி இந்தக் கோடை வீடு. இருப்பதையெல்லாம் இதில் போட்டு ஏமாந்துவிட்டால், அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சாயங்காலம் பத்திர நகல்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, எட்டு வருஷத்துல நாலு கை மாறியிருக்கு. கட்டினவர் ஒரு பல் டாக்டர். அப்புறம் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ், ஒரு தையல்கடைக்காரர், இப்ப விக்கிற கண்ணாடிக் கடைக்காரர். யாரும் ரெண்டு வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிக்கல."

"ஏரிக்குள்ளேருந்து ஏதாவது எந்திரிச்சு வருதோ என்னமோ."

"சிரிக்காதீங்க. எல்லாரும் ஒரே மாசத்துலதான் வித்திருக்காங்க. கோடை முடியற மாசம். கண்ணாடிக் கடைக்காரரும் போன வருஷம் அதே மாசத்துலதான் தரகர் கையில சாவியக் கொடுத்திருக்கார்."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பழைய சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போனாள். பல் டாக்டர் ஒரு நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "சுவர் கல்லு மாதிரி. கூரை ஒழுகாது. தண்ணி தேனா இருக்கும்."

"அப்புறம் ஏன் டாக்டர் வித்தீங்க?"

அவர் காலால் எதையோ அழுத்தினார். பல் குடையும் கருவி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை.

தையல்கடைக்காரர் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"திருட்டு பயம் இருக்காண்ணே?"

"அதெல்லாம் இல்லம்மா. கோடையில அங்க ஆள் நடமாட்டம் இருந்துக்கிட்டே இருக்கும். திருடன் எங்க வருவான்?"

"பக்கத்துல ஒரு வீடுகூட இல்லையேண்ணே. யார் நடமாடுறாங்க?"

அவர் கத்தரிக்கோலைத் தேடுகிற சாக்கில் உள்ளே போனவர்தான். திரும்பி வரவே இல்லை.

தலைமையாசிரியை மட்டும் அவளை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் கூடப்பிறந்தவங்க எத்தனை பேரும்மா?"

"எனக்கு மூணு பேர். அவருக்கு ஆறு."

அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். "வீட்டுல ஒரு குறையும் இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவளுக்குப் பொறி தட்டியது. பங்குத் தகராறு. எவனோ ஒரு வாரிசு கையெழுத்துப் போடாமல் இருக்கிறான், கோடைதோறும் வந்து வம்பு பண்ணுகிறான். நகல்களை அள்ளிக்கொண்டு நேராக வக்கீலிடம் போனாள்.

வக்கீல் இரண்டு நாள் வைத்திருந்து புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வாரிசு, வழக்கு, அடமானம் ஒண்ணும் இல்ல. இவ்வளவு சுத்தமான பத்திரத்த நான் பார்த்து வருஷமாச்சு. கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

வாங்கிவிட்டார்கள். ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. குடிபோன அன்றே தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினாள், சுவர்களைத் தட்டித் தட்டிக் கேட்டாள், யாராவது வந்து போனால் தடம் தெரியட்டும் என்று வாசற்படியில் மெல்லிசாக மாவைத் தூவிவைத்தாள்.

மூன்று நாளாகியும் மாவு தூவியபடியே கிடந்தது. தண்ணீரிலும் குற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. கணவன் ஏரியைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"நீ தட்டின சத்தத்தத் தவிர வேற சத்தமே கேக்கல" என்றான்.

நாலு நல்ல மனிதர்களை வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முதல் தடவையாக அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"காலையில நம்ம சொந்தக்காரங்க குரூப்புல வீட்டுப் படத்தப் போட்டேன்" என்றான் அவன். "எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அவனுடைய பெரிய அக்கா. மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நீ அமைதியா இருக்கணும்னு டாக்டர் சொன்னாராமே. அந்த அத்துவானத்துல நீங்க ரெண்டு பேரும் தனியா கிடக்கறத நெனச்சா இங்க ஒருத்தருக்கும் மனசு கேக்கல. பதினெட்டு பேரும் பஸ் ஏறிட்டோம்."

கணவனின் கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. அவள் எட்டிப் போனை வாங்கினாள்.

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"ஸ்கூல் திறக்கிற வரைக்கும் அங்கதான். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கிட்டோம், மாட்ட ஆணி மட்டும் இருந்தாப் போதும்."